பேசாமல் வந்த தூரம்

பம்பரைக் கழற்றிவிட்டதால் கார், பல்செட்டை எடுத்துவிட்ட வாயைப் போல உள்வாங்கியிருந்தது. இரண்டு ஹெட்லைட்டுகளும் போர்ட்டிகோவில் விரித்த பழைய போர்வையின் மேல் மல்லாந்து கிடந்தன. செம்மண்டலத்திலிருந்து கடல் கொஞ்சம் தள்ளித்தான். ஆனாலும் உப்புக்காற்று எட்டாமல் இருக்கவில்லை. இத்தனை வருட வெயிலும் அதுவுமாகச் சேர்ந்து ஹெட்லைட் கண்ணாடியைக் கறை பிடித்த டீ கிளாஸ் போல ஆக்கியிருந்தன. கண்ணாடி என்பது பேச்சுக்குத்தான். அது பிளாஸ்டிக்.

இளவரசு தன் செல்போன் கடையிலிருந்து சூடான காற்றடிக்கும் துப்பாக்கியைக் கொண்டுவந்திருந்தான். போன் டிஸ்ப்ளே கழற்றுகிற கருவி. அதை விளிம்பு நெடுகச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். உள்ளே இருந்த கருப்புப் பசை இளகியதும் மணவாளன் தட்டை ஸ்க்ரூடிரைவரை நுழைத்து மெல்ல நெம்பினார். பசை நூல் நூலாக இழுபட்டது.

"மெதுவா மாமா. கண்ணாடி ஒடஞ்சா போவட்டும், டெல்லியிலேருந்து வரவழைச்ச புதுசு இருக்கு. உள்ள இருக்கற டூம் ஒடஞ்சா டெல்லிக்கே போனாலும் கெடைக்காது."

"கரண்டு கம்பத்துல தொங்கிக்கிட்டே கம்பி முறுக்குன கை மச்சான் இது. நீ பேசாம ஊது."

"அந்தக் கைதான போன மாசம் கோல்கேட்ட போட்டுத் தேய்ச்சிது? அக்கா, காருக்குப் பல்லு வெளக்கி உட்ட ஒரே ஆளு எங்க மாமாதான்."

"ரெண்டு நாளு பளபளன்னு இருந்துச்சா இல்லியா?"

"இருந்துச்சு. மூணாவது நாளு திரும்பப் பான்பராக் போட்டுக்கிச்சு."

வாசற்படியில் உட்கார்ந்து வளையல்களை அளவு பிரித்துக்கொண்டிருந்த மலர்க்கொடி சிரித்தாள். தம்பியும் கணவரும் இப்படி ஒருவரையொருவர் வாரிக்கொள்வதைக் கேட்பது அவளுக்கு எப்போதும் பிடிக்கும். இன்று அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை.

நாளை சிதம்பரத்தில், மருமகன் ஆகாஷ் வீட்டில், மகள் சுவாதிக்கு வளைகாப்பு. சடங்கு முடிந்ததும் பிறந்த வீட்டார் கையோடு அழைத்து வந்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நாலரையிலிருந்து ஆறுவரை ராகு காலம். அதற்குள் கிளம்புவது நடக்காது. ஆறு மணிக்கு மேல்தான் பெண்ணை அனுப்புவேன் என்று சம்பந்தியம்மாள் சௌந்தரம் போனில் சொல்லிவிட்டார். ஆறு மணிக்கு மேல் என்றால் தை மாதத்தில் இருட்டு. அந்த இருட்டில் ஏழு மாத வயிற்றோடு சுவாதி பின்சீட்டில் இருப்பாள். மணவாளன் ஓட்டுவார்.

"நாளைக்கு வேணா நான் எடுக்கறன் மாமா," என்றான் இளவரசு, காற்றுத் துப்பாக்கியை அணைத்துவிட்டு. சாதாரணமாகத்தான் சொன்னான்.

"என் பொண்ண நான் கூட்டியாருவன். நீ பின்னாடி குந்திக்கிட்டு முறுக்கு தின்னு."

"அதுக்கில்ல, நீயும் ரெண்டு நாளா அலைஞ்சிக்கிட்டு..."

"லைட்டு சரியில்லாமத்தான் இத்தினி நாளா ராத்திரியில தடுமாட்டமா இருந்துச்சு. எதுத்தாப்புல வர்றவன் எல்லாம் வெள்ளை எல்.இ.டி. போட்டுக்கிட்டு வர்றான். நம்ம வண்டி சிம்னி வெளக்கு மாதிரி. கண்ணாடிய மாத்திட்டா முடிஞ்சிது."

பழைய கண்ணாடி ஒருவழியாகப் பெயர்ந்து வந்தது. அதைக் கவ்விப் பிடித்திருந்த சிறிய இரும்பு க்ளிப் ஒன்று தெறித்து அவருடைய இடது கால் ஓரம் விழுந்தது. டைல்ஸில் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மணவாளன் குனிந்து பார்த்தார். போர்வையைப் பார்த்தார், டயருக்கு அடியில் பார்த்தார். க்ளிப் அவர் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தது.

"எங்க போய்த் தொலைஞ்சிது?"

இளவரசு அந்த நேரம் பிளக்கைப் பிடுங்கப் போயிருந்தான். மலர்க்கொடி எழுந்து வந்தாள். வளையல் பெட்டியை நகர்த்துகிறவள் போலக் குனிந்து, க்ளிப்பை எடுத்து, அவர் நேராகப் பார்க்கிற இடத்தில் போர்வை மேல் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

"இங்கதான் இருக்கு பாரு," என்று அவர் எடுத்துக்கொண்டார்.

இப்படித்தான் அவள் வைத்துக்கொண்டிருக்கிறாள். காபி டம்ளரை, டிவி ரிமோட்டை, செருப்பை. அவருடைய பார்வை நேராக விழுகிற ஒரு சின்ன வட்டம் இருந்தது. அதற்குள் வைத்தால் அவர் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்வார். அந்த வட்டம் சுருங்கிக்கொண்டு வருவதை அவரைவிட அவள்தான் நன்றாக அறிந்திருந்தாள். ஒரு வீட்டின் நடைமுறையாக அது மாறிப்போனதால் அதற்குப் பெயர் வைக்கத் தேவையில்லாமல் இருந்தது.

காரில் வேறு மாதிரி. காரில் அவள் பேசுவாள்.

அது எப்படித் தொடங்கியது என்று அவளுக்கு நினைவிருக்கிறது. ஒரு முறை ஆலப்பாக்கத்தைத் தாண்டி வரும்போது எருமைக் கன்று ஒன்று சாலையோரம் நின்றது. அவர் பிரேக்கைத் தொடவே இல்லை. "அய்யோ, கன்னுக்குட்டி எவ்ளோ அழகா இருக்கு பாருங்க" என்று அவள் வாய் தானாகச் சொன்னது. அவர் பிரேக் போட்டார். அன்றிலிருந்து இருட்டில் காரில் போனால் அவள் ஓயாமல் பேசினாள். அந்த சைக்கிள்காரன் லைட்டே இல்லாம போறான் பாருங்க. இந்த லாரிய ஏன் இப்பிடி ஓரமா நிறுத்தி வெச்சிருக்கான். அந்தப் பொண்ணு பச்சைப் புடவையில ரோட்ட தாண்டுது, நம்ம எதிர்வீட்டு காயத்ரி மாதிரியே இல்ல? உனக்கு வாய் ரொம்ப ஜாஸ்தி ஆயிடுச்சு மலரு, என்பார் அவர். ஆனால் ஒரு நாளும் நிறுத்தச் சொன்னதில்லை.

அவரைக் காப்பாற்றத்தான் பேசுகிறேன் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள். சில நாட்களாக அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டிருந்தது. பேச்சு நின்றால், அவருக்குக் கண் தெரிகிறதா என்ற கேள்வி வரும். கேள்வி வந்தால் கிள்ளையில் இருக்கும் மணவாளனின் அண்ணன் சுப்புராயன் நினைவுக்கு வருவார். சுவரில் ஒரு கை வைத்துக்கொண்டே வீட்டுக்குள் நடக்கிறவர். அவருக்கும் முதலில் இரவில்தான் தெரியாமல் போனது. குடும்பத்தில் இறங்கி வருகிற வியாதி என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் அவரிடம் சொன்னார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து மணவாளன் கண் டாக்டரிடம் போகவே இல்லை. போனால் பெயர் வைத்துவிடுவார்கள். பெயர் வைத்துவிட்டால் அது அவரோடு நிற்காது, சுவாதியின் வயிறுவரை போகும். அதனால்தான் அவளும் வற்புறுத்தவில்லை.

போன் அடித்தது. சுவாதி.

"அம்மா, அப்பாவா ஓட்டறாரு நாளைக்கு?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணும் இல்ல. போன தடவ இங்க வந்துட்டுப் போறப்ப கேட்டுல இடிச்சாருல்ல. ஆகாஷ் சொன்னாரு, மாமாவுக்கு ராத்திரியில சிரமமா இருந்தா நானே கொண்டாந்து உடறன்னு. அத்தை ஒத்துக்க மாட்டேங்கறாங்க. பொறந்த வூட்டுலேருந்து வந்துதான் அழைச்சிக்கிட்டுப் போவணுமாம்."

மலர்க்கொடி போர்ட்டிகோவைப் பார்த்தாள். மணவாளன் ஹெட்லைட் விளிம்புப் பள்ளத்தில் மிச்சமிருந்த பழைய பசையைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். பார்த்துச் செய்யவில்லை. விரல் நுனியால் தடவித் தடவிச் செய்தார். அவ்வளவு சுத்தமாகச் செய்தார்.

"லைட்டுதான் மங்கலா இருந்துச்சு," என்றாள் மலர்க்கொடி. "இப்ப புதுக் கண்ணாடி மாட்டிக்கிட்டு இருக்காரு. நீ கவலப்படாத."

போனை வைத்த பிறகு தன் குரலை மறுபடி மனதுக்குள் கேட்டுப் பார்த்தாள். எவ்வளவு இயல்பாக வந்தது அது.

மதியத்துக்குள் வேலை முடிந்தது. புதிய பசையை, கருப்புக் கயிறு போல இருந்ததை, பள்ளம் முழுக்கப் பதித்தார்கள். இளவரசு சூடு காட்ட, மணவாளன் புதுக் கண்ணாடியை வைத்து நாலு மூலையும் அழுத்தினார். பிடித்து நிற்க அவள் துணிக்கொடியிலிருந்து க்ளிப்புகளைக் கொடுத்தாள். நீலமும் சிவப்புமாகத் துணி க்ளிப் மாட்டிய ஹெட்லைட்டைப் பார்த்து, "பியூட்டி பார்லர்ல குந்த வெச்ச மாதிரி இருக்கு அக்கா," என்றான் இளவரசு. சாப்பிட்டுவிட்டு வந்து பம்பரை மாட்டிப் பூட்டினார்கள். இளவரசு கடை திறக்கப் போய்விட்டான்.

சாயங்காலம் மணவாளன் லைட்டைப் போட்டார். எதிர்ச் சுவரில் இரண்டு வெள்ளை வட்டங்கள் விழுந்தன. சுவரில் எறும்பு ஊர்வதுகூடத் தெரிந்தது.

"பாத்தியா?" என்று திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். 'தானே' புயல் அடித்து ஊரே இருண்டு கிடந்தபோது, இரவு பகலாகக் கம்பம் ஏறி, முதல் தெருவுக்குக் கரண்டு கொடுத்துவிட்டு வந்து நின்ற முகம் அது. "பாத்தியா மலரு? நான்தான் சொன்னனே."

அவளுக்கும் அப்போது தோன்றியது. ஒருவேளை லைட்டாகவே இருக்கலாம். இவ்வளவு நாளும் லைட்டாகவே இருந்திருக்கலாம். அந்த எண்ணம் வந்ததும் உடம்பில் எதுவோ தளர்ந்தது. இதை நம்ப எவ்வளவு ஆசையாக இருக்கிறது என்று கண்டபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

"ஒரு ரவுண்டு போயி லைட்டு செட்டிங் பாத்துட்டு வந்துடலாம். புதுச்சத்திரம் வரைக்கும்," என்றார்.

"நானும் வர்றன்."

புடவையை மாற்றும்போது முடிவு செய்துகொண்டாள். இன்று பேசப் போவதில்லை. நாளை பின்சீட்டில் சுவாதி இருப்பாள். அதற்கு முன்னால் தெரிந்தாக வேண்டும்.

முதுநகரைத் தாண்டும்வரை தெருவிளக்குகளும் கடை வெளிச்சமும் இருந்தன. அவர் உற்சாகமாக ஓட்டினார். லைட்டைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். டெல்லிக்காரன் பேக்கிங் எவ்வளவு நன்றாகச் செய்திருந்தான் என்று சொன்னார். அவள் "ம்" என்றாள். ஆலப்பாக்கத்துக்குப் பிறகு வானத்தில் கொஞ்சநஞ்சம் இருந்த சிவப்பும் போய்விட்டது. புதுச்சத்திரத்துக்கு முன்னால் அவர் பெரிய சாலையை விட்டு ஊர்ப்பக்கம் போகும் பழைய சாலையில் திருப்பினார். அங்கே விளக்கு கிடையாது, லைட்டைச் சோதிக்க அதுதான் சரியான இடம் என்றார்.

வெளிச்சம் நீளமாக, வெள்ளையாக முன்னால் போனது. புளியமரத்தின் பட்டை தெரிந்தது. அறுப்பு முடிந்த வயலில் நின்ற கொக்கு தெரிந்தது. அவளுக்கு எல்லாம் தெரிந்தன. நாய் ஒன்று இடப்பக்கம் எழுந்து நின்று மறுபடி படுத்தது. நாக்கின் நுனிவரை வந்த சொல்லை விழுங்கினாள். நாய் தப்பித்தது. ஒருவர் வெள்ளை வேட்டியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். கார் அவரை உரசுகிற மாதிரிக் கடந்தது. பின்னால் அவர் ஏதோ திட்டுவது கேட்டது.

மணவாளனின் உற்சாகப் பேச்சு எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை. கார் வேகம் குறைந்திருந்தது. ஸ்டியரிங்கை அவர் பிடித்திருந்த பிடியில் விரல் எலும்புகள் புடைத்திருந்தன. தலையை இடமும் வலமுமாகச் சின்னச் சின்னதாக அசைத்துக்கொண்டே ஓட்டினார், மூடியிருக்கும் கதவின் சந்து வழியாகப் பார்க்கிறவர் மாதிரி.

அப்போதுதான் முன்னால் அதைக் கண்டாள். அறுவடை நேரத்தில் அந்தப் பக்கத்துச் சாலைகளில் பாதியை நெல் பிடித்துக்கொள்ளும். பகலெல்லாம் காயவைத்து, சாயங்காலம் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி, வண்டி ஏறாமல் இருக்கச் சுற்றிலும் கல் வரிசையாக வைத்துவிடுவார்கள். நீலத் தார்ப்பாயும் கற்களும் புது வெளிச்சத்தில் படம் பிடித்ததுபோலத் தெரிந்தன. இடதுபக்கம். கார் நேராக அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது.

அவருக்கும் தெரியும், இப்போது திருப்பிவிடுவார் என்று காத்திருந்தாள். திருப்பவில்லை.

"என்னா மலரு," என்றார் அவர். குரல் லேசாக உடைந்திருந்தது. "பேசாமயே வர்ற?"

"சும்மாதான்."

"எப்பவும் ஏதாவது சொல்லிக்கிட்டே வருவியே."

அவள் இரண்டு கைகளாலும் சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏதாவது சொல்லேன் மலரு," என்றார். கெஞ்சலாக இருந்தது.

"நிறுத்துங்க! வண்டிய நிறுத்துங்க!"

பிரேக் அலறியது. முன்சக்கரத்தில் ஒரு கல் மாட்டி அடியில் மோதியது. கார் குலுங்கி நின்றது. தார்ப்பாய்க் குவியல் பானெட்டிலிருந்து ஒரு கை நீளத்தில் இருந்தது. அதன் பின்னாலிருந்து ஒரு பெண் முக்காட்டோடு எழுந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"யோவ்! கண்ணு தெரியல? இத்தாம் பெரிய வெளிச்சத்த வெச்சிக்கிட்டு நெல்லு மேலயே ஏத்த வர்றியே! ஆளு படுத்துக் கெடக்கறது தெரியல?"

மணவாளன் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். "எங்கம்மா?" என்றார்.

அவர் உண்மையாகவே கேட்டார். அதை மலர்க்கொடி புரிந்துகொண்டாள். கல் வரிசைக்கு உள்ளே, கோணிமேல் ஒரு ஆள் எழுந்து உட்கார்ந்து கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் கால் நீட்டியிருந்த இடம் இடதுசக்கரத்துக்கு நேர் எதிரே இருந்தது. வெளிச்சத்தில் அவனுடைய முழங்காலில் ஒட்டியிருந்த பதர்கூடத் தெரிந்தது.

"எங்கயா? பாருய்யா, எங்கன்னு கேக்கறாரு!" அந்தப் பெண் கையைத் தட்டினாள். "குடிச்சிட்டு வந்திருக்கியா?"

"இல்லம்மா," என்றாள் மலர்க்கொடி, கதவைத் திறந்துகொண்டு. "குடிக்கல. அவருக்கு ராத்திரியில தெரியாது."

சொல்லிவிட்டாள். முன்பின் தெரியாத ஒருத்தியிடம், நடுச்சாலையில் நின்றுகொண்டு. வீட்டில் இத்தனை நாளும் யாரும் சொல்லாமல் வைத்திருந்தது அவ்வளவு சின்ன வாக்கியமாகத்தான் இருந்தது.

அந்தப் பெண்ணின் கோபம் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. "அப்பறம் ஏம்மா ஓட்ட உடற?" என்றாள், தணிந்த குரலில்.

படுத்திருந்தவன் வந்து சக்கரத்துக்கு அடியிலிருந்த கல்லை எடுத்துப் போட்டான். "லைட்ட அமுத்துங்கண்ணே, கண்ணு கூசுது," என்றான். மணவாளன் அணைத்தார். இறங்கி, காரின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே சுற்றி வந்து, காலால் துழாவி, சாலையோரத்து மைல்கல்லில் உட்கார்ந்தார். அந்தக் கையை மலர்க்கொடி பார்த்தாள். கிள்ளை வீட்டுச் சுவரை நினைத்துக்கொண்டாள்.

அவர் போனை எடுத்தார்.

"என்னா மாமா, லைட்டு எப்பிடி?" இளவரசின் குரல் வெளியில் கேட்டது. "சும்மா பகலு மாதிரி இருக்குமே!"

"லைட்டு..." என்று தொடங்கினார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று மலர்க்கொடிக்குத் தெரிந்தது. செட்டிங் சரியில்ல. ஒரு பக்கம் எரியல. ஒயர் எங்கயோ லூசு. அவள் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"லைட்டு நல்லாத்தான் இருக்கு மச்சான்," என்றார் மணவாளன். "எனக்குத்தான் தெரியல."

எதிர்முனையில் கடைச் சத்தம் மட்டும் கேட்டது.

"புதுச்சத்திரத்துக்கு முன்னாடி பழைய ரோட்டுல நிக்கறோம். பஸ்ஸப் புடிச்சி வா. வண்டிய நீதான் எடுக்கணும்." அணைந்து கிடந்த ஹெட்லைட்டின் பக்கம் முகத்தைத் திருப்பினார். "நாளைக்கும்."

போனை மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பெண் ஒரு கோணியைக் கொண்டுவந்து மலர்க்கொடிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுத் தன் நெல்லுக்குப் போனாள். மலர்க்கொடி உட்கார்ந்தாள். இருட்டில் புது நெல்லின் சூடு கலந்த வாசம் வந்தது.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?" என்றார்.

"நீங்க எப்பலேருந்து நான் பேசறதக் கேட்டு ஓட்டறீங்களோ அப்பலேருந்து."

அவர் தலையை ஆட்டினார். "அண்ணனுக்கும் பக்கவாட்டுலதான் மொதல்ல போச்சாம்," என்றார்.

"ம்."

"சுவாதிக்கு இப்ப தெரிய வேணாம் மலரு. புள்ள பொறக்கட்டும். அப்பறமா சொல்லலாம்."

அவளுக்கும் அதுதான் வேண்டும்போல் இருந்தது. நாளை வளையல் போட்டுக்கொண்டு உட்காரப் போகிற பெண்ணிடம் எப்படிச் சொல்வது? ஆனால் இன்று காலையில் போனில் வந்த தன் குரல் அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. லைட்டுதான் மங்கலா இருந்துச்சு.

"நாளைக்கு இளவரசு சாவியோட நிப்பான். நீங்க பின்னாடி குந்துவீங்க," என்றாள். "அவ வண்டியில ஏறப்பயே கேப்பா, அப்பா ஏன் ஓட்டலன்னு. என்னா சொல்லுவீங்க?"

அவர் பேன்ட்டில் ஒட்டியிருந்த கருப்புப் பசையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். அது போகவில்லை.

"நீ சொல்லிடேன்," என்றார் கடைசியில்.

"மாட்டன்," என்றாள் மலர்க்கொடி.

ஒரு மணி நேரம் போயிருக்கும். தூரத்தில் பெரிய சாலையிலிருந்து ஒரு பஸ் திரும்பியது. அதன் விளக்கு மரங்களின்மேல் ஏறி இறங்கி வந்தது. பஸ்சு வருது பாருங்க என்று சொல்ல அவள் வாய் திறந்தது. மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டு அவராகவே எழுந்தார். சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி நின்றார். ஒரு கை மட்டும் பின்னால் நீண்டு, காரின் விளிம்பைத் தேடியது.